இரண்டு நிமிடம் மிச்சம், ஏழு புள்ளி பின்னால்: நீள உதையா, ஆன்சைடா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பின்தொடரும் தமிழ் வாட்ஸ்அப் குழு எதிலாவது இருந்தால் இந்தச் சண்டை உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். நம் அணி ஏழு புள்ளி பின்தங்கியிருக்கிறது. கடைசி நேரத்தில் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) அடித்து இந்த அளவுக்கு நெருங்கியிருக்கிறோம். புள்ளி எடுத்த அணி என்பதால் இப்போது பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும், இதுதான் கிக்காஃப். பாதிப் பேர் "ஆன்சைடு உதை" என்று கத்துவார்கள், அதாவது பந்தைச் சிறிது தூரம் மட்டும் உதைத்து நாமே திரும்பக் கைப்பற்றப் பார்ப்பது. மீதிப் பேர் "நீளமாக உதைத்துவிட்டுத் தடுத்து ஆடு" என்பார்கள். பயிற்சியாளர் எதைச் செய்தாலும், தோற்றுவிட்டால் அவர் முட்டாள்.

இந்தக் கேள்விக்கான விடை கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளாகக் கடிகார விதிகளில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கை வைத்தது. கிக்காஃப் விதி அதற்கு முன்பே, 2012இலும் 2018இலும் மாறியது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ரசிகர்கள் நினைப்பதைவிட அதிகமான நேரங்களில் நீள உதைதான் சரி என்பது என் கட்சி. ஆனால் அது எடுபடாத இடங்களும் உண்டு. அந்த எல்லை எங்கே விழுகிறது என்பதுதான் சுவாரசியம்.

## எதை வைத்து அளப்பது?

கடிகாரம். தாக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். பத்து யார்டைக் கடந்தால் ஃபர்ஸ்ட் டவுன், முயற்சிகள் புதிதாகத் தொடங்கும். ஒரு டவுன் முடிந்ததும் அடுத்த ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) 40 விநாடி அவகாசம். முன்னிலையில் இருக்கும் அணி அந்த 40-ஐயும் தின்றுவிட்டுத்தான் பந்தை எடுக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் கடிகாரம் நின்று கொண்டிருந்தது. 2023 முதல் அப்படி இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் பழைய வழக்கம் தொடர்கிறது: ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தால் பந்தை வைத்து நடுவர் சைகை காட்டும்வரை கடிகாரம் நிற்கும். ஆட்டக்காரர் பந்தோடு கோட்டுக்கு வெளியே போனாலும், கடைசி இரண்டு நிமிடத்தில்தான் அடுத்த ஸ்நாப் வரை நிற்கும். மற்ற நேரத்தில் நடுவரின் சைகையோடு மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

டைம்-அவுட். ஒரு பாதிக்கு மூன்று. 2024இல் இதோடு இரண்டு நிமிட டைம்-அவுட் சேர்ந்தது. கடிகாரம் 2:00-க்கு வந்ததும் ஆட்டம் தானாக நிற்கும். தொலைக்காட்சி விளம்பரத்துக்காக வந்தது என்று திட்டலாம், திட்டவும் செய்கிறேன். ஆனால் துரத்தும் அணிக்கு இது காசில்லாமல் கிடைத்த நான்காவது டைம்-அவுட்.

மைதானத்தில் இடம். மைதானம் நூறு யார்டு, கோடுகள் இரு அணிகளின் கோல் கோட்டிலிருந்தும் நடுவிலுள்ள 50 வரை எண்ணப்படும். கிக்காஃப் நம் 35-யார்டு கோட்டிலிருந்து. பந்து எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) போய் அங்கேயே நின்றால் டச்பேக், எதிரணி தன் 25-இல் தொடங்கும். ஆன்சைடு தவறினால் பந்து நம் 45-க்கு அருகிலேயே அவர்கள் கையில் இருக்கும். வித்தியாசம் சுமார் 30 யார்டு.

எத்தனை புள்ளி பின்னால்? இதை யாரும் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆன்சைடு தவறி எதிரணி ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்துவிட்டால் நம் கதி என்ன என்பதே கேள்வி. 4 அல்லது 5 புள்ளி பின்னால் இருந்தால், மூன்று சேர்ந்து 7 அல்லது 8 ஆகும். ஒரே டச்டவுனிலும் அதற்குப் பின் கிடைக்கும் கூடுதல் ஒன்று அல்லது இரண்டு புள்ளியிலும் இன்னும் சமன் செய்யலாம். 6, 7, 8 என்றால் 9, 10, 11 ஆகிவிடும். ஒரே தாக்குதலில் ஈடுகட்ட முடியாது, ஆட்டம் அங்கேயே முடிந்தது.

## நீள உதை

உதையை எண்ட் ஸோனுக்குள் அனுப்பு, டச்பேக் ஆகட்டும், மூன்று டவுனில் அவர்களை நிறுத்து, பன்ட் (நான்காவது டவுனில் பந்தைத் தூரமாக உதைத்து நம்மிடம் விட்டுவிடுவது) செய்ய வை, பந்தைத் திரும்ப வாங்கு. இதுதான் திட்டம். சரி, வாங்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமிருக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிரணி மூன்று முறையும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, கோட்டுக்கு வெளியே போவதில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 5 விநாடி, இடையில் 40 விநாடி, பன்ட்டுக்கு 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். டச்பேக்கில் நேரம் போகாது. ஏனென்றால் கல்லூரி விதிப்படி, பந்தைப் பெறும் அணி மைதானத்துக்குள் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடும்.

| உதைக்கும்போது கடிகாரம் | 3 டைம்-அவுட் இருந்தால் | 1 இருந்தால் | ஒன்றும் இல்லாவிட்டால் |
|---|---|---|---|
| 2:40 | 2:15 | 1:05 | 0:20 |
| 2:05 | 1:40, கையில் இன்னும் ஒன்று | 1:00 | 0:20 |
| 1:55 | 1:30 | 0:10 | ஆட்டம் முடிந்தது |
| 1:40 | 1:15 | ஆட்டம் முடிந்தது | ஆட்டம் முடிந்தது |

நடு இரண்டு வரிசைகளைக் கவனியுங்கள். ஒரே ஒரு டைம்-அவுட்டோடு 2:05-க்கு உதைத்தால் ஒரு நிமிடத்தோடு பந்து திரும்ப வரும். பத்து விநாடி தாமதித்து 1:55-க்கு உதைத்தால் வெறும் பத்து விநாடி. டச்டவுன் அடிக்கும்போது கடிகாரம் 2:00-க்கு எந்தப் பக்கம் இருந்தது என்பது அந்த டச்டவுனுக்கு அடுத்தபடியாக முக்கியமான விஷயம். 2023 வரை இந்தக் கோடு இப்படி ஒரு மதில் அல்ல. இரண்டு நிமிட டைம்-அவுட் இல்லாத காலத்தில் கையில் ஒன்றுமில்லாமல் 2:05-க்கு உதைத்திருந்தால் பந்து நம்மிடம் திரும்பியே இருக்காது.

இதில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. 2:04-க்கு உதைத்து, எதிரணி டச்பேக்குக்கு விடாமல் பந்தை எடுத்து ஆறு விநாடி ஓடினால் கடிகாரம் 1:58. பந்து கைமாறியதால் அடுத்த ஸ்நாப் வரை கடிகாரம் எப்படியும் நின்றிருக்கும். இலவச டைம்-அவுட் அந்த இடத்தில் வீணாகிறது. கெட்டிக்கார எதிரணி அந்தச் சமயத்தில் எண்ட் ஸோன் கோட்டருகே விழும் பந்தை வேண்டுமென்றே ஓடி எடுக்கும். அதனால் 2:00-க்குச் சற்று மேலே இருக்கும்போது உதைப்பவரின் கால்பலம்தான் முதல் கேள்வி. எண்ட் ஸோனைத் தாண்டி அடிக்க முடியாத உதைகாரர் என்றால் என் அட்டவணையின் இரண்டாம் வரிசையை நம்பாதீர்கள்.

இன்னொரு செலவு வெளிப்படையானது: ஒரே ஒரு ஃபர்ஸ்ட் டவுன். மூன்று டைம்-அவுட் இருந்தாலும் எதிரணி அதை எடுத்துவிட்டால் கணக்கு கலைந்தது. நாள் முழுக்க அவர்கள் ஓட்டத்தைத் தடுக்கவே முடியாத தடுப்பாட்டம் நம்முடையது என்றால், கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் திடீரென்று முடியும் என்று எதிர்பார்ப்பது வீண் நம்பிக்கை. ஒரு யார்டுக்குக் கீழே மிச்சமிருந்தால் நான்காவது டவுனில் பன்ட் செய்யாமல் துணிந்து முயலும் பயிற்சியாளர்களும் இப்போது அதிகம்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி இருந்தது. தடுக்கும் அணியில் யாராவது ஒருவர் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு படுப்பார், கடிகாரம் நிற்கும். 2025 முதல், பந்தை வைத்த பிறகு ஒருவர் காயமென்று விழுந்து மருத்துவக் குழு உள்ளே வந்தால் அந்த அணிக்கு ஒரு டைம்-அவுட் போகும். டைம்-அவுட் மிச்சமில்லையென்றால் ஐந்து யார்டு தண்டனை. எதிரணிக்கு ஐந்து யார்டு கொடுப்பது என்றால் ஃபர்ஸ்ட் டவுனைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல.

சரி, 20 விநாடியோடு பந்து திரும்ப வந்தால் அதில் என்ன பயன் என்று கேட்கலாம். கல்லூரி ஆட்டத்தில் பயன் உண்டு. கடைசி இரண்டு நிமிடத்தில் ஃபர்ஸ்ட் டவுனுக்குக் கடிகாரம் நிற்பதால், நடுவில் பிடிபட்டாலும் ஓடிவந்து பந்தைத் தரையில் அடித்து நிறுத்தலாம், மூன்று விநாடியாவது மிச்சமிருக்கும் வரை. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு 20 விநாடி வெறும் வேண்டுதல் நேரம். இங்கே மூன்று ஆட்டமாவது ஆடலாம்.

அந்தக் கடைசி விநாடிகளின் மதிப்பை இன்னொரு விதியும் கூட்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஆரிகன் 32–31 என்று ஓஹாயோ ஸ்டேட்டை வென்ற ஆட்டத்தில், 10 விநாடி மிச்சமிருக்கும்போது ஆரிகன் பன்னிரண்டு பேரோடு தடுப்பாட்டம் ஆடியது. ஐந்து யார்டு தண்டனை கிடைத்தது, ஆனால் நான்கு விநாடி ஓடிப்போனது. தண்டனையைவிட லாபம் பெரிது. சில நாட்களிலேயே அதற்கு வழிகாட்டுதல் வந்தது, பிறகு 2025 விதியாகவே ஆனது: இரண்டு நிமிட டைம்-அவுட்டுக்குப் பிறகு தடுக்கும் அணி கூடுதல் ஆளோடு ஆடினால், தாக்கும் அணி கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பிக் கேட்கலாம்.

## எல்லோருக்கும் தெரிந்த ஆன்சைடு

பந்து பத்து யார்டு போக வேண்டும், அல்லது எதிரணி முதலில் தொட வேண்டும். அப்புறம் யார் அமுக்கிப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு. எதிரணி இதற்கென்றே கைப்பிடி நல்லவர்களை முன்வரிசையில் நிறுத்தியிருக்கும்.

விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக உதைக்கும் அணியின் கையைக் கட்டிவிட்டன. உதைப்பவரின் இரு புறமும் குறைந்தது நான்கு பேர் நிற்க வேண்டும், எல்லோரையும் ஒரே பக்கம் குவிக்க முடியாது. மற்றவர்கள் ஐந்து யார்டுக்கு மேல் பின்னால் போய் ஓடிவரக் கூடாது. பந்தைத் தரையில் ஓங்கி அடித்து உயரத்துக்கு எழுப்பும் பழைய தந்திரமும் 2012 முதல் பலிக்காது. ஒரே குதியில் மேலே எழும் பந்தைப் பிடிக்க வருபவருக்கு, நேராக உதைத்த பந்தைப் பிடிப்பவருக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு.

எவ்வளவு அரிது என்பதற்கு என்எஃப்எல் ஓர் அளவு. அங்கே 2024இல் முன்கூட்டியே அறிவித்துவிட்டு உதைத்த 50 ஆன்சைடுகளில் கிடைத்தது மூன்று. கல்லூரியில் விதி சற்று வேறு என்றாலும், எதிரணி தயாராக நிற்கும்போது பத்தில் ஒன்றுக்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

மீதி ஒன்பது தடவை என்ன ஆகிறது? பந்து நம் 45-இல் அவர்களிடம். தடுத்தே நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து அடிக்கும் பன்ட் நம்மை நம் 10-க்குள் தள்ளும். நீள உதையில் அதே தடுப்புக்குப் பிறகு நம் 35 வாக்கில் தொடங்கியிருப்போம். அதாவது 65 யார்டுக்குப் பதில் 90 யார்டு. அவர்கள் ஒரு ஃபர்ஸ்ட் டவுன் எடுத்துவிட்டால் 52 யார்டு ஃபீல்டு கோல் கைக்கெட்டும் தூரம். ஏழு புள்ளி பின்னால் இருக்கும் அணிக்கு அதுதான் சாவுமணி.

ஆன்சைடில் நடுவர் பிழையும் ஒரு கட்சி. 2006 செப்டம்பரில் ஆரிகன், ஓக்லஹோமா ஆட்டத்தில் 1:12 மிச்சமிருக்கும்போது ஆரிகன் ஆன்சைடு உதைத்தது. பத்து யார்டு போவதற்கு முன்பே ஆரிகன் ஆட்டக்காரர் தொட்டுவிட்டார். போதாததற்குப் பந்தை எடுத்ததும் ஓக்லஹோமாதான். ஆனாலும் ரீப்ளே பார்த்த பிறகும் பந்து ஆரிகனுக்கே போனது, 34–33 என்று ஜெயித்தார்கள். ஆரிகன் சேர்ந்திருந்த பசிபிக்-10 கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்டு, நடுவர்களை ஓர் ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது. ஓக்லஹோமா ரசிகர்களிடம் இன்றும் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

அப்படியென்றால் எப்போது இதுவே சரி? அட்டவணையில் "ஆட்டம் முடிந்தது" என்று வரும் கட்டங்களில். 1:40-க்கு ஒரு டைம்-அவுட்டோடு நீளமாக உதைப்பவர் எதிரணியின் தவறுக்காக மட்டும் காத்திருக்கிறார். அங்கே பத்தில் ஒன்று கூடப் பெரிய வாய்ப்புத்தான். 1:55-க்கு ஒரு டைம்-அவுட் என்ற கட்டத்திலும் ஆன்சைடு என்பேன், பத்து விநாடிக்காக 65 யார்டு ஓட முடியாது.

இன்னோர் இடம்: நாம் டச்டவுன் அடிக்கும்போது எதிரணி ஒரு பெரிய தவறு செய்து, 15 யார்டு தண்டனை கிக்காஃபில் சேர்ந்தால், நாம் 50-இலிருந்து உதைப்போம். அப்போது ஆன்சைடு தவறினாலும் அவர்கள் தங்கள் 40-இல்தான் தொடங்குவார்கள். டச்பேக்கோடு ஒப்பிட்டால் நாம் இழப்பது 15 யார்டு மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஆன்சைடு. தலைகீழாக, நம் ஆள் டச்டவுனுக்கு ஆடிப்பாடித் தண்டனை வாங்கி 20-இலிருந்து உதைக்க வேண்டி வந்தால், ஆன்சைடு தற்கொலை.

## யாரும் எதிர்பாராத ஆன்சைடு

இது வேறு ஜாதி உதை. என்எஃப்எல்லில் 2024 முதல் இது அடியோடு போய்விட்டது. அங்கே ஆன்சைடு உதைக்கப்போவதை முன்னரே அறிவிக்க வேண்டும். கல்லூரியில் இன்னும் யாரும், எப்போதும் செய்யலாம். கல்லூரி ஆட்டத்தை நான் விரும்பிப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

2016 ஜனவரி 11, தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். அலபாமாவும் கிளெம்சனும் 24–24. நான்காம் கால் பகுதியில் 10:34 மிச்சம். கிளெம்சனின் வரிசை ஒரு பக்கம் நெருங்கி நின்று, மறுபக்கம் காலியாகக் கிடந்தது. அலபாமாவின் ஆடம் கிரிஃபித் அந்தக் காலி இடத்துக்குப் பந்தை மெல்ல மேலே தூக்கி உதைத்தார், அதே அணியின் மார்லன் ஹம்ஃப்ரி ஓடிவந்து ஆகாயத்திலேயே பிடித்தார். அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் சிரித்தார், அது அபூர்வக் காட்சி. சில நொடிகளில் டச்டவுன், கடைசியில் 45–40 என்று கோப்பை.

அதே ஆட்டத்தில் மற்ற உதைகளுக்கும் பாடம் இருக்கிறது. கிளெம்சன் நீளமாக உதைத்த ஒரு கிக்காஃபைக் கென்யன் டிரேக் 95 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். 12 விநாடி மிச்சமிருக்கும்போது எல்லோரும் எதிர்பார்த்த ஆன்சைடைக் கிளெம்சன் உதைத்தது, கிடைக்கவில்லை.

துரத்தும் அணி இதைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒத்திப்போடக் கூடாது. மூன்றாம் கால் பகுதியிலேயே, எதிரணியின் முன்வரிசை உதை விழுவதற்கு முன்பே திரும்பி ஓடத் தொடங்குவதைக் கண்டால் அப்போதே செய்ய வேண்டும். தவறினால் இழப்பு அதே 30 யார்டுதான், ஆனால் ஈடுகட்ட நேரம் இருக்கும்.

## தரையோடு உருட்டுவதும், உயரத் தூக்குவதும்

துரத்தும் அணிக்கு இரண்டும் பெரும்பாலும் பயனில்லை, சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

எதிரணியின் 10-யார்டு கோட்டுக்கு உயரமாகத் தூக்கி அடித்து, அங்கேயே அமுக்கலாம் என்பது பழைய யோசனை. 2018 விதி அதை முடித்துவிட்டது: 25-க்கு உள்ளே எங்கே ஃபேர் கேட்ச் (கையசைத்துக் காட்டி, ஓடாமல், யாரும் இடிக்காமல் பந்தைப் பிடிப்பது) எடுத்தாலும் பந்து 25-க்கு வந்துவிடும்.

உருட்டி விட்டால் ஃபேர் கேட்ச் கிடையாது, உண்மைதான். ஆனால் பந்தைத் தொட்டதும் கடிகாரம் ஓடும், அது முன்னிலையில் இருப்பவருக்குத்தான் வேண்டும். அவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1982 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு 20–19 என்று முன்னிலையில், நான்கு விநாடி மிச்சம். கொண்டாட்டத் தண்டனையால் தன் 25-இலிருந்து பந்தை உருட்டி உதைத்தது. கலிஃபோர்னியா ஐந்து முறை கைமாற்றி, மைதானத்துக்குள் வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவுக்கு ஊடே ஓடி ஜெயித்தது.

## இரண்டு தாக்குதல் தேவைப்பட்டால்

ஒன்பதிலிருந்து பதினாறு புள்ளிவரை பின்னால் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. நான்கு நிமிடத்துக்குள் இருக்கிறது என்றால், எப்படியும் ஒரு தடவை ஆன்சைடு உதைத்தே ஆக வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளுவதில் லாபம் இல்லை.

9 முதல் 13 வரை பின்னால் என்றால், ஆன்சைடு தவறி எதிரணி ஃபீல்டு கோல் அடித்தாலும் 12 முதல் 16தான் ஆகும். முன்பும் இரண்டு தாக்குதல், இப்போதும் இரண்டு தாக்குதல். 7 பின்னால் இருப்பவருக்குச் சாவுமணியான அதே மூன்று புள்ளி இங்கே அவ்வளவாகக் கடிக்காது. அதனால் 11 புள்ளி பின்னால், 3:30 மிச்சம் என்றால் உடனே ஆன்சைடு என்பேன். அங்கே நீளமாக உதைக்கும் பயிற்சியாளரைத் திட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

14, 15, 16 மட்டும் விலக்கு. அங்கே மூன்று புள்ளி சேர்ந்தால் 17, 18, 19, மூன்று தாக்குதல் வேண்டும். நான்கு நிமிடத்துக்கு மேல் இருந்து மூன்று டைம்-அவுட்டும் கையில் இருந்தால் நீளமாக உதைக்கலாம். இல்லையென்றால் அங்கேயும் ஆன்சைடுதான்.